கழுதைச் சின்னத்தின் கடைசிக் கோட்டை
ஓட்டுச்சாவடி அமெரிக்கா – 9

2008 நவம்பரில் பராக் ஒபாமா அமெரிக்க அதிபரானபோது கென்டக்கி மாநிலம் அவரைக் கைவிட்டது. அங்குள்ள 120 கவுண்டிகளில் எட்டில் மட்டும்தான் அவருக்கு முதலிடம். அந்த எட்டில் எது அவருக்கு அதிக சதவீத ஓட்டு கொடுத்தது என்று கேட்டால், கறுப்பின மக்கள் கணிசமாக வாழும் லூயிவில் என்றுதான் பலரும் சொல்வார்கள். பல்கலைக்கழக ஊரான லெக்சிங்டனைச் சிலர் சொல்லக்கூடும். இரண்டுமே தவறு. மாநிலத்தின் கிழக்குக் கோடியில், அப்பலாச்சிய மலையடிவாரத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் வெள்ளையர்களே வாழும் எலியட் கவுண்டிதான் அது. ஒபாமாவுக்கு அங்கே 61 சதவீதம்.

எட்டே ஆண்டுகளில் அதே எலியட் டொனால்ட் டிரம்ப்புக்கு 70 சதவீதம் கொடுத்தது.

சென்ற வாரம் பார்த்த டிக்ஸ்வில் நாட்ச் என்ற குட்டி ஊரில் ஓட்டுப் போடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எலியட் அதைவிடப் பெரிது என்றாலும், மொத்தமே ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான். தலைமை ஊரின் பெயர் சாண்டி ஹுக். 2012-இல் பள்ளிக்கூடத்தில் புகுந்து ஒருவன் 26 பேரைச் சுட்டுக் கொன்றானே, அந்த ஊர் இது அல்ல. அது கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது. கென்டக்கியின் சாண்டி ஹுக்கில் லிட்டில் சாண்டி என்ற ஆறு கொக்கி போல வளைந்து ஓடுவதால் அந்தப் பெயர் வந்தது. ஊருக்குள் வசிப்பவர்கள் ஆயிரத்தைத் தொடமாட்டார்கள். நாட்டுப்புற இசை ரசிகர்களுக்கு மட்டும் இந்த ஊர் முன்பே தெரியும்: 1989-இல் இளம் வயதிலேயே இறந்துபோன பாடகர் கீத் விட்லி வளர்ந்த ஊர். அவருக்கு அங்கே சிலைகூட இருக்கிறது.

அரசியல் நிருபர்கள் சாண்டி ஹுக்கைத் தேடி வந்ததற்குக் காரணம் வேறு. எலியட் கவுண்டி உருவானது 1869-இல். 1872 தேர்தல் தொடங்கி 2012 வரை 36 அதிபர் தேர்தல்கள் நடந்தன. முப்பத்தாறிலும் எலியட் கழுதைச் சின்னம் கொண்ட ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டது. அமெரிக்காவில் வேறெந்தக் கவுண்டிக்கும் அக்கட்சியோடு இவ்வளவு நீண்ட, அறுபடாத உறவு இருந்ததில்லை.

இந்த 36-இல் கட்சி வென்ற தேர்தல்களைத் தள்ளிவைத்துவிட்டு, அது மண்ணைக் கவ்விய தேர்தல்களைப் பார்க்க வேண்டும். 1928-இல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் நின்றார். போப்பின் ஆள் வெள்ளை மாளிகைக்கு வந்துவிடுவார் என்று பயந்து, பரம்பரையாக ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட தென்மாநிலப் புராட்டஸ்டண்டுகளில் பலர் கட்சியைக் கைவிட்டார்கள். எலியட் கைவிடவில்லை. 1972-இல் ஜார்ஜ் மெக்கவர்னுக்கு நாடு முழுவதிலும் ஒரே ஒரு மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும்தான் கிடைத்தன. எலியட்டில் அவர் ஜெயித்தார். 1984-இல் ரீகன் அலையில் வால்டர் மாண்டேலுக்குச் சொந்த மாநிலமான மின்னசோட்டாவும் வாஷிங்டனும் தவிர மிச்சம் எதுவுமில்லை. எலியட்டில் அவரும் ஜெயித்தார்.

இப்படிப்பட்ட ஊர்களுக்குத் தயாராக ஒரு விளக்கம் உண்டு. தெற்கத்திய வெள்ளையர்கள் உள்நாட்டுப் போருக்குப் பிறகு, லிங்கனின் கட்சி என்பதால் குடியரசுக் கட்சியை வெறுத்தார்கள். 1964-இல் லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டதும் ஜனநாயகக் கட்சியை விட்டு ஓடினார்கள் என்பது அந்த விளக்கம். மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும் இது பொருந்தும். எலியட்டுக்கு முதல் பாதி பொருந்தும், இரண்டாம் பாதி பொருந்தாது. 1968-இல் இனப் பிரிவினை பேசிய ஜார்ஜ் வாலஸ் ஐந்து தென்மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனார். அந்த ஆண்டும் எலியட் ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரி பக்கமே நின்றது. ஓடுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தும் அது இன்னும் அரை நூற்றாண்டு ஓடவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஏன் போனார்கள் என்பதைவிட, இத்தனை காலம் ஏன் இருந்தார்கள் என்பதுதான்.

தொடக்கம் உள்நாட்டுப் போர்தான். ஆபிரகாம் லிங்கனும் அவரை எதிர்த்த தெற்குக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸும் கென்டக்கியில் பிறந்தவர்கள். மாநிலமும் அப்படியே இரண்டாகப் பிளந்து இரு தரப்புக்கும் படை அனுப்பியது. மலைப்பகுதியில் பிளவு இன்னும் நுணுக்கமானது. ஒரு பள்ளத்தாக்கு வடக்கோடு நின்றால் அடுத்தது தெற்கோடு. எலியட் கவுண்டியின் பெயருக்குக் காரணமான எலியட் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் மில்டன் எலியட், தெற்குக் கூட்டமைப்பின் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். போருக்குப் பிறகு நீதிபதியானார். 1879-இல் மாநிலத் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில், நில வழக்கொன்றில் தன் சகோதரிக்கு எதிராகத் தீர்ப்பு வந்த ஆத்திரத்தில் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். கென்டக்கி அரசியலில் துப்பாக்கியும் குடும்பமும் சேர்ந்து வராத அத்தியாயம் குறைவு.

இதற்கு நேரெதிர் உதாரணம் அதே கிழக்குக் கென்டக்கியில் இருக்கும் ஜாக்சன் கவுண்டி. போரில் வடக்கோடு நின்ற பகுதி அது. அன்று பிடித்த குடியரசுக் கட்சியை இன்றுவரை விடவில்லை. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் ரூஸ்வெல்ட் வந்து நிவாரணம் கொடுத்தபோதும், ஜான்சன் வறுமை ஒழிப்புப் போர் அறிவித்தபோதும் அசையவில்லை. இதில் வேடிக்கை, அந்தக் கவுண்டிக்குப் பெயர் கொடுத்த ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனநாயகக் கட்சியின் மூலபுருஷர்! எலியட்டையும் ஜாக்சனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மக்கள் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்: அதே ஏழ்மை, அதே பாப்டிஸ்ட் தேவாலயம், அதே புகையிலைக் காடு, அதே துப்பாக்கி. தாத்தா போட்ட சின்னம் மட்டும் வேறு.

தாத்தா போட்டார் என்பதற்காக மட்டும் 140 ஆண்டு ஒரு ஊர் ஓட்டுப் போடாது. கையில் கிடைக்கிற காரணம் ஒன்று வேண்டும். எலியட்டில் அந்தக் காரணம் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்துக்குள் இருந்தது.

கென்டக்கி சின்ன மாநிலம்தான். ஆனால் 120 கவுண்டி! டெக்சஸும் ஜார்ஜியாவும் மட்டுமே அதைவிட அதிகமாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கவுண்டிக்கும் நிர்வாகத் தலைவர், ஷெரிஃப், எழுத்தர், வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர், பிணப் பரிசோதனை அதிகாரி என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறைக் கண்காணிப்பாளரைக்கூட மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவிலேயே மாநிலம் முழுவதும் இந்த வழக்கம் உள்ளது கென்டக்கியில் மட்டும்தான். சுமார் நாற்பது கவுண்டிகளில் சிறையே கிடையாது. சிறை இல்லை, கைதி இல்லை, கண்காணிப்பாளர் மட்டும் உண்டு, சம்பளமும் உண்டு. அரசியல் சாசனத்தில் எழுதிவைத்துவிட்டார்களே!

ஆலையோ பெரிய நிறுவனமோ இல்லாத ஊரில் இந்தப் பதவிகளும் அவற்றைச் சுற்றியுள்ள வேலைகளும்தான் நிரந்தரச் சம்பளம். யார் பையனுக்குச் சாலைப் பணியில் இடம், எந்த வீட்டுப் பாதைக்கு முதலில் சரளைக்கல் கொட்டுவது என்பதெல்லாம் அங்கே முடிவாகும். அடுத்து ஒரு சட்ட நுணுக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கென்டக்கியில் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில், அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். எலியட்டில் அந்த நாட்களில் ஜனநாயகக் கட்சியின் முதல்கட்டத் தேர்தலில் வென்றவருக்கு நவம்பரில் எதிரியே இருக்கமாட்டார். மே மாதமே எல்லாம் முடிந்துவிடும். அங்கே குடியரசுக் கட்சியில் பதிவு செய்துகொள்வது என்றால் ஷெரிஃப் யார் என்று முடிவு செய்யும் உரிமையைக் கைவிடுவது என்று பொருள். மனசுக்குள் யாராக இருந்தாலும் பதிவேட்டில் ஜனநாயகக் கட்சி.

பக்கத்துக் கவுண்டியான ரோவனில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்தபோது, அந்தத் திருமணங்களுக்கு உரிமம் தர மறுத்துச் சிறைக்குப் போன கவுண்டி எழுத்தர் கிம் டேவிஸை உலகமே பார்த்தது. பழமைவாதக் கிறிஸ்தவர்கள் அவரைத் தியாகியாகக் கொண்டாடினார்கள். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர் என்பது வெளியூர்க்காரர்களுக்கு நம்ப முடியாத செய்தி. ரோவனில் யாருக்கும் அது ஆச்சரியமில்லை. அவருடைய தாயார் அதே பதவியில் பல ஆண்டுகள் இருந்தவர். தாயாரின் கீழ் வேலை பார்த்து, பிறகு தாயாரின் கட்சியிலேயே நின்று ஜெயித்தவர் டேவிஸ். சிறையிலிருந்து வெளியே வந்த அதே மாதம் குடியரசுக் கட்சிக்கு மாறினார். 2018-இல் அதே பதவிக்கு மறுபடி நின்றபோது ஜனநாயகக் கட்சிக்காரரிடம் தோற்றார்.

நீதிமன்றக் கட்டடத்துக்கு அடுத்தது புகையிலை. ரூஸ்வெல்ட் ஆட்சியில் 1938-இல் வந்த வேளாண் சட்டம் புகையிலைக்கு ஒதுக்கீட்டு முறை கொண்டுவந்தது. யார் எவ்வளவு விளைவிக்கலாம் என்று அரசு வரம்பு கட்டும். பதிலுக்கு விலை சரியாமல் தாங்கிப் பிடிக்கும். மலைச்சரிவில் ஓரிரு ஏக்கர் பர்லி புகையிலை போட்ட குடும்பத்துக்கு அந்த விலைதான் ஆண்டுக்கொருமுறை கையில் ரொக்கம். கிறிஸ்துமஸ் செலவு, நில வரி, பிள்ளைகளின் சட்டை எல்லாம் அதிலிருந்து. இதைக் கொடுத்த கட்சி எது என்று யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2004-இல் இந்த முறையே முடிவுக்கு வந்தது. சுமார் 1,000 கோடி டாலர் ஈட்டுத்தொகை கொடுத்து அரசு விலகிக்கொண்டது. ஒதுக்கீடு வைத்திருந்தவருக்கு ஒரு பவுண்டுக்கு ஏழு டாலர், பயிரிட்டவருக்கு மூன்று டாலர், பத்தாண்டுத் தவணையில். கடைசித் தவணை வந்தது 2014-இல். அடுத்த அதிபர் தேர்தல் 2016. இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தேதிகளைத் தாண்டிப் போகவும் முடியவில்லை.

மூன்றாவது, தொழிற்சங்கம். எலியட்டில் நிலக்கரிச் சுரங்கம் பெரிதாக இருந்ததில்லை. வேலை தேடியவர்கள் ஆஷ்லண்ட் பக்கம் போனார்கள். ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் எஃகு ஆலையும் ரயில்வேயும் இருந்தன; சங்கம் வாங்கித் தந்த கூலியும் ஓய்வூதியமும் இருந்தன. ஆலையின் ஊது உலைக்கு அமாண்டா என்று பெயர். 1963-இல் பற்றவைத்த அமாண்டாவை 2015 டிசம்பரில் ஏ.கே. ஸ்டீல் நிறுவனம் அணைத்தது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. பிறகு அது எரியவே இல்லை.

அமாண்டா அணைந்த மூன்றாம் மாதம், ஒஹையோவில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஹிலாரி கிளின்டன், நிலக்கரித் தொழிலாளர்களும் நிறுவனங்களும் நிறைய பேர் தொழிலை இழக்கப்போகிறார்கள் என்ற பொருளில் பேசினார். அவர்களைக் கைவிடக் கூடாது என்று சொல்ல வந்த பேச்சு அது. முன்பாதி மட்டும் மலையெங்கும் எதிரொலித்தது. சுரங்கம் பெரிதாக இல்லாத எலியட்டில்கூட அது கிளின்டனின் கணக்கை முடித்துவைத்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் 2016-இல் எலியட் ஒரே இரவில் கட்சி மாறிவிட்டது என்று எழுதியவர்கள் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கவில்லை. 2004-இல் ஜான் கெர்ரிக்கு அங்கே 70 சதவீதம் அளவில் கிடைத்தது. 2008-இல் ஒபாமாவுக்கு 61. 2012-இல் அதே ஒபாமாவுக்கு 49. மிட் ராம்னியைவிட அறுபது ஓட்டு அளவில்தான் அதிகம். அந்த ஆண்டு கென்டக்கியில் ஒபாமா வென்ற கவுண்டிகள் நான்கே நான்கு. மூன்று நகரக் கவுண்டிகள், நான்காவது எலியட். கோட்டை அப்போதே உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தது, சுவர் மட்டும் நின்றது. 2016-இல் கிளின்டனுக்கு 26 சதவீதம். 2020-இல் டிரம்ப்புக்கு நான்கில் மூன்று பங்கு.

ஒபாமாவின் நிறம் இதில் எவ்வளவு பங்கு வகித்தது? இருந்திருக்கும், இல்லை என்று சொல்வது பொய். 2012-இல் எதிர்த்து நிற்கப் பெரிய பெயர் யாரும் இல்லாத முதல்கட்டத் தேர்தலிலேயே, கென்டக்கி ஜனநாயகக் கட்சியினரில் 42 சதவீதம் பேர் 'யாருக்கும் இல்லை' என்ற கட்டத்தில் ஓட்டுப் போட்டார்கள், பதவியில் இருக்கும் சொந்தக் கட்சி அதிபரை வைத்துக்கொண்டு. ஆனால் நிறம் ஒன்றே விளக்கம் என்றால் 2008-இன் 61 சதவீதத்தையும், வெள்ளைக்காரரான கிளின்டனுக்குக் கிடைத்த 26-ஐயும் எங்கே வைப்பது?

ராக்கி ஆட்கின்ஸ் என்ற மனிதரைப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளிவாகும். சாண்டி ஹுக் ஊர்க்காரர். 1987 முதல் 2019 வரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும், பல ஆண்டுகள் அவையில் கட்சியின் தலைவராகவும் இருந்தவர். கருக்கலைப்பை எதிர்ப்பவர், துப்பாக்கி உரிமையை ஆதரிப்பவர், தொழிற்சங்கத்துக்கு நண்பர், பொதுப் பள்ளிகளுக்குக் காவலர். வாஷிங்டன் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு இவர் ஒரு புதிர். ஊர்க்காரர்களுக்கோ, ஜனநாயகக் கட்சி என்றால் ராக்கிதான். 2016-இல் டிரம்ப் அலையில் கென்டக்கிச் சட்டமன்றத்தின் கீழவை 1921-க்குப் பிறகு முதல்முறையாகக் குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. அவைத் தலைவரே தோற்றார். ஆட்கின்ஸ் தோற்கவில்லை. டிரம்ப்புக்குப் போட்ட அதே கை அவருக்கும் போட்டது.

2019-இல் ஆட்கின்ஸ் ஆளுநர் பதவிக்கு ஆசைப்பட்டார். முதல்கட்டத் தேர்தலில் ஆண்டி பெஷியரிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். அந்த நவம்பரில் பெஷியர் பதவியில் இருந்த மேட் பெவினை ஏறக்குறைய 5,000 ஓட்டில் தோற்கடித்தார். தேர்தலுக்கு முதல் நாள் டிரம்ப்பே லெக்சிங்டனுக்கு வந்து பெவினுக்காகக் கூட்டம் போட்டும் பலிக்கவில்லை. ஆசிரியர்களின் ஓய்வூதியத்தில் கைவைக்கப் பார்த்து, அவர்களை வாயில் வந்தபடி பேசியவர் பெவின். பள்ளிக்கூடமே பெரிய முதலாளியாக இருக்கும் மலைக்கவுண்டிகளில் அதை மன்னிக்கவில்லை. டிரம்ப்புக்கு 70 சதவீதம் கொடுத்த எலியட், மூன்று ஆண்டு கழித்து டிரம்ப்பின் ஆளை நிராகரித்து ஜனநாயகக் கட்சி ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது. அதற்கடுத்த ஆண்டே மறுபடி டிரம்ப்.

புதிய ஆளுநர் ஆட்கின்ஸைத் தன் ஆலோசகராக அழைத்துக்கொண்டார். ஆட்கின்ஸ் சட்டமன்ற இடத்தைக் காலிசெய்தார். 2020 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் அந்த இடம் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் ஒயிட்டிடம் போனது. ராக்கி இருந்தவரை தாங்கியது, ராக்கி போனதும் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. 2022 ஜூலையில், கென்டக்கி வாக்காளர் பதிவேட்டில் குடியரசுக் கட்சிக்காரர்களின் எண்ணிக்கை முதல்முறையாக ஜனநாயகக் கட்சிக்காரர்களை முந்தியது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் போனது அதிபர் ஓட்டு. பிறகு சட்டமன்ற இடம். அதற்கும் பிறகுதான், மாநில அளவில், பதிவேடு. உயரத்தில் இருப்பதை முதலில் கைவிட்டார்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைக் கடைசிவரை பிடித்திருந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் கொள்கை அறிக்கைக்கு எலியட் என்றைக்கும் ஓட்டுப் போட்டதில்லை என்பதே இந்தக் கட்டுரையாளரின் கணிப்பு. அது ஓட்டுப் போட்டது ஷெரிஃபுக்கும், புகையிலை விலைக்கும், சங்கத்து ஓய்வூதியத்துக்கும், ராக்கிக்கும். அவை ஒவ்வொன்றாக விலகியபின் மிஞ்சியது தொலைக்காட்சியில் தெரியும் கட்சி. அந்தக் கட்சியை அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் மிக அதிகம் பயனடைந்த மாநிலங்களில் கென்டக்கியும் ஒன்று. காப்பீடு இல்லாதவர்களின் அளவு 20 சதவீதத்திலிருந்து இரண்டே ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது. திட்டத்துக்கு மாநில அரசு வைத்த பெயர் 'கைனெக்ட்'. ஒபாமாவின் பெயர் ஒட்டாமல் பார்த்துக்கொண்டதால் மக்கள் தயங்காமல் வந்து சேர்ந்தார்கள். அதே காரணத்தால் அதற்கான நன்றி ஒபாமாவின் கட்சிக்குப் போய்ச் சேரவில்லை. 1938-இன் புகையிலைச் சட்டத்துக்கு இருந்த அரசியல் பலன் 2014-இன் காப்பீட்டுக்கு இல்லாமல் போனதில் கட்சியின் தவறும் உண்டு.

அடுத்த வாரம் இண்டியானா மாநிலத்தின் டெரி ஹோட் நகரம். அந்த ஊர் இருக்கும் வைகோ கவுண்டி 1888 முதல் 2016 வரை, 1908-ஐயும் 1952-ஐயும் தவிர, எல்லாத் தேர்தலிலும் ஜெயித்த அதிபருக்கே ஓட்டுப் போட்டது. 2020-இல் தவறவிட்டது.